பிக்கப் வண்டியில் அடாஸ் பொருத்த நினைப்பவர்களுக்கு: நெல்லை வட்டாரத்துக்கான வழிகாட்டி

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் வண்டியாக இருக்கலாம். களக்காட்டு வாழைத்தாரோடு நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறும் வண்டியாக இருக்கலாம். எதுவானாலும் நம் பிக்கப்களுக்குப் பாதி ஓட்டம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். டிரைவருக்குக் கண் அசருவதும் அப்போதுதான். பார்க்கிங் லைட் போடாமல் ஓரம் கட்டிய லாரி கண்ணில் படாமல் போவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் டிரைவருக்குத் துணையாக, அடாஸ் (ADAS) எனப்படும் ஓட்டுநர் உதவிக் கருவி ஒன்று எச்சரிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் வண்டிக்கு இதைப் பொருத்த அலைந்தபோது ஒரு கடையில் சொன்னதற்கும் அடுத்த கடையில் சொன்னதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெளியூர்க் கடை ஒன்றில் "தானாகவே பிரேக் பிடித்துவிடும்" என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள். என்ன ஒயர் எங்கே போகிறது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. நீங்கள் அப்படி அலைய வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவாகும்.

1. முடிவதையும் முடியாததையும் பிரித்துக்கொள்ளுங்கள்

அடாஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் ஒலி எழுப்புவது, சாலைக் கோட்டைத் தாண்டினால் சொல்வது, டிரைவர் கண் மூடினால் கத்துவது ஆகியவை எச்சரிக்கும் வகை. பிரேக் பிடிப்பதும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் கட்டுப்படுத்தும் வகை.

கட்டுப்படுத்தும் வகை வேலை செய்ய வேண்டுமானால் ஸ்டீயரிங் மின்மோட்டாரில் இயங்க வேண்டும். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் கணினியின் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும். நம் பக்கத்தில் லோடு அடிக்கும் பிக்கப்களில் பெரும்பாலானவை ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றில் இதற்கு வழியே இல்லை. பிரேக் பெடலை இழுக்கத் தனி மோட்டார் வைக்கிறோம், பிரேக் லைனில் வால்வு சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஒன்றரை டன் லோடோடு போகும் வண்டியில் கம்பெனி கொடுத்த பிரேக்கைத் தொட யாரையும் விடக்கூடாது.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது எச்சரிக்கும் கருவி. அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டால்தான் மற்ற முடிவுகள் சரியாக அமையும்.

2. உங்கள் ஓட்டத்துக்கு எது வேண்டும்?

எல்லா வசதியும் எல்லாருக்கும் தேவையில்லை. காலையில் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வந்து மதியம் ஊர் திரும்பும் வண்டிக்கு முன்மோதல் எச்சரிக்கையும் ரிவர்ஸ் கேமராவும் போதும். இரவு ஓட்டம் இருந்தால் டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமராவுக்குத்தான் முதல் காசு போக வேண்டும் என்பேன். அது அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் இருட்டிலும் வேலை செய்யும். கண் இமை மூடியிருக்கும் நேரம், தலை சாய்வது, கை காதருகே போவது ஆகியவற்றைக் கவனித்து ஒலி எழுப்பும்.

கோடு தாண்டும் எச்சரிக்கை மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் நன்றாக உதவும். அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அதனால் பயன் குறைவு. கோடே இல்லாத இடத்தில் எதைப் பார்த்து அது சொல்லும்? பெரும்பாலான கருவிகளில் இது மணிக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் விழிக்கும்.

இடப்பக்கம் நுழையும் டூவீலரைக் காட்டும் பக்கவாட்டு சென்சார் நல்ல பொருள்தான். ஆனால் வாழைத்தாரோ வைக்கோலோ பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும்படி லோடு ஏற்றும் வண்டியில் அதன் பார்வை மறைந்துவிடும். அப்படிப்பட்ட லோடு என்றால் இதற்குக் காசு போட வேண்டாம்.

கேமரா மட்டுமா, ரேடாரும் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இரவில் கேமராவின் பார்வை ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரம்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை விநாடிக்குள் 55 மீட்டர் ஓடிவிடுகிறோம்; டிம் லைட் அவ்வளவு தூரம் தெளிவாக எட்டாது. ரேடாருக்கு வெளிச்சம் தேவையில்லை, ஆனால் விலை அதிகம். இரும்பு பம்பருக்குப் பின்னால் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. முன்னால் கூடுதல் பம்பர் கம்பி மாட்டியிருந்தால் அதைக் கழற்றியாக வேண்டும். அந்தக் கம்பி சட்டப்படியும் கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

3. நாள் பார்ப்பது: முதலில் எஃப்.சி., பிறகு கருவி, அதன் பிறகு இன்சூரன்ஸ்

இந்த வரிசையை யாரும் சொல்லித் தருவதில்லை. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, முன்னால் நாம் எல்லோரும் வண்டியை டிங்கரிங்குக்கும் பெயிண்டிங்குக்கும் விடுகிறோம். டேஷ்போர்டைக் கழற்றுவார்கள், கண்ணாடி ரப்பரை மாற்றுவார்கள், சிலசமயம் கண்ணாடியையே மாற்றுவார்கள். அதற்கு முன் கருவியைப் பொருத்தியிருந்தால் ஒயரும் போய்விடும், காலிபரேஷனும் (கேமராவை வண்டியின் அளவுகளுக்கு ஏற்பச் சரிசெய்வது) போய்விடும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதால், உங்கள் தேதியைப் பார்த்து, அது முடிந்த கையோடு பொருத்துங்கள்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகக் கருவி வண்டியில் இருந்தால் நல்லது. ஏன் என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

தை மாத வாழை, கரும்பு லோடு நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பொருத்த அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். கண்ணாடியில் ஒட்டும் டேப் முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாள் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒட்டுவதும் சரிவராது. ஈரக் கண்ணாடியில் டேப் நிற்காது.

4. விலை கேட்கும்போது கேட்க வேண்டியவை

நான் விசாரித்தபோது மூன்று படிகளில் விலை சொன்னார்கள். எச்சரிக்கை ஒலியும் சேர்ந்த சாதாரண டேஷ் கேமரா ஏழாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் வரை. சாலையையும் டிரைவரையும் சேர்த்துப் பார்க்கும் இரட்டைக் கேமரா, சிம் கார்டோடு, இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை. ரேடார் சேர்ந்தாலும், வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களின் கருவி என்றாலும் அதற்கும் மேலே. பொருத்தும் கூலி தனி. மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஆள் வந்தால் அவருடைய பயணச் செலவும் நம் தலையில்தான். கொட்டேஷனில் இவை எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாதச் சந்தாவைப் பற்றி முதலிலேயே கேளுங்கள். "சந்தா கட்டாவிட்டால் வண்டிக்குள் எச்சரிக்கை ஒலி வருமா, வராதா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று நேரடியான பதில் வேண்டும். நல்ல கருவி படத்தைத் தனக்குள்ளேயே கணித்து எச்சரிக்கும். செல்போனில் உங்களுக்குத் தகவல் அனுப்ப மட்டுமே சிம் வேண்டும். எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பிக் கேட்டுச் சொல்லும் கருவி, சிக்னல் தேயும் மலைப்பாதையில் உதவாது.

கருவிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரியா, கெப்பாசிட்டரா என்றும் கேளுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடியை ஒட்டி இருக்கும் பொருளில் பேட்டரி உப்பிவிடும். கெப்பாசிட்டர் வகையே நமக்கு ஏற்றது.

ரேடார் என்றால் அது 76 - 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதா என்றும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்கும் மலிவுச் சரக்கில் இந்தக் காகிதம் இருக்காது.

5. காகிதங்கள்

"வண்டியில் எதை மாட்டினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அபராதம் போடுவார்கள்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சட்டம் சொல்வது இதுதான்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பில் செய்யும் மாற்றத்தைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். கண்ணாடியில் ஒட்டும் கேமராவும் டேஷ்போர்டில் வைக்கும் ஒலிப்பெட்டியும் அந்த வரம்புக்குள் வரவில்லை, ஆர்.சி.யில் இருக்கும் எந்த விவரமும் இவற்றால் மாறுவதில்லை. பம்பரை வெட்டுவதும் சேஸில் துளையிட்டு எதையாவது பற்றவைப்பதும் வேறு கதை.

கையில் இருக்க வேண்டியவை:

ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில். அதில் கருவியின் வரிசை எண்ணும் உங்கள் வண்டி எண்ணும் இருக்க வேண்டும். "பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன்" என்பதற்கு மசிய வேண்டாம். இன்சூரன்ஸில் சேர்க்க அந்தப் பில்தான் ஆதாரம்.

எந்த ஒயர் எங்கே இணைக்கப்பட்டது என்று பொருத்தியவர் கையெழுத்திட்டுத் தரும் தாள். நாளைக்கு வேறு எலக்ட்ரீஷியன் வண்டியைத் திறந்தால் அந்த ஒரு தாள் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால், சர்வீஸ் சென்டரிடம் இந்த இணைப்பைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "பிரச்சினை இல்லை அண்ணாச்சி" என்பார்கள். ஒயரிங் பழுது என்று வண்டி உள்ளே போனால் அந்தப் பேச்சு எங்கும் நிற்காது.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு, மின்னணுத் துணைக்கருவி என்று மதிப்போடு அறிவிக்கும் கடிதம். முழுக் காப்பீடாக இருந்தால் கருவியின் மதிப்பில் பொதுவாக நான்கு சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். முப்பதாயிரம் ரூபாய்க் கருவிக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாயும் வரியும். சேர்க்காமல் விட்டால் விபத்தில் கருவி போனதற்கு ஒரு பைசா வராது. நடு ஆண்டிலும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) போட்டுச் சேர்க்கலாம். ஆனால் அதற்காகக் கிளை அலுவலகத்துக்கு நடப்பதைவிடப் புதுப்பிக்கும்போது சேர்ப்பது எளிது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

6. கண்ணாடியைத் தயார் செய்யுங்கள்

ஆள் வருவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது இது. கேமரா உட்கார வேண்டிய இடம் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் வட்டத்துக்குள். நம் வண்டிகளில் அங்கே ஏற்கெனவே பலர் குடியிருக்கிறார்கள்: மேலே சாமி பெயர் எழுதிய பட்டை ஸ்டிக்கர், நடுவில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், கீழே தொங்கும் எலுமிச்சை மாலை. காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று லென்ஸுக்கு நேராக இருந்தால் போதும், முன்னால் போகும் பைக் கருவிக்குத் தெரியாது. பொட்டை இடப்பக்க ஓரத்துக்கு மாற்றுங்கள். மாலையை வெளியே பம்பரில் கட்டுங்கள்; தெய்வம் அங்கிருந்தும் காக்கும்.

பாஸ்டேக்கும் ஒட்டப்படுவது அதே நடுப்பகுதியில்தான். கேமராவின் உலோக உடல் அதை மறைத்தால் நாங்குநேரி டோலிலும் சாலைப்புதூர் டோலிலும் தடை திறக்காமல் நிற்க வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலமாவது விடுங்கள்.

முன்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் கிழித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012லேயே அதைத் தடை செய்துவிட்டது. கண்ணாடியில் கல் அடித்த விரிசல் கேமராவின் பார்வைக்குள் இருந்தால் முதலில் கண்ணாடியை மாற்றுங்கள்.

7. ஒயரிங்: பக்கத்தில் நின்று பாருங்கள்

கருவிக்கு வேண்டியவை பொதுவாக ஆறு இணைப்புகள்: நேரடி பேட்டரி, இக்னிஷன், எர்த், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், வேகம். இண்டிகேட்டர் இணைப்பை "அது தேவையில்லை" என்று விட்டுவிட்டுப் போவார்கள். விடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் இண்டிகேட்டர் போட்டு முறையாக ஓவர்டேக் செய்யும்போதும் கருவி கத்தும். சில நாளில் டிரைவர் அதன் வாயைக் கட்டிவிடுவார்.

வேகத்தை ஜி.பி.எஸ். மூலமும் எடுக்கலாம், வண்டியின் ஒயரிலிருந்தும் எடுக்கலாம். ஜி.பி.எஸ். வேகம் சற்றுத் தாமதமாகவே மாறும்; சட்டென்று பிரேக் அடிக்கும் இடத்தில் அந்தத் தாமதம் உறுத்தும். முடிந்தால் வண்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிளேடால் ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றும் வேலையை அனுமதிக்க வேண்டாம். வெயிலில் டேப் பசை உருகி நழுவிவிடும். குலுங்கும் சாலையில் முறுக்கு தளரும். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும், அல்லது பியூஸ் பெட்டியிலிருந்து முறையான கிளை எடுக்க வேண்டும். கருவிக்கென்று தனி பியூஸ் கட்டாயம். எத்தனை ஆம்பியர் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும்.

நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் வசதி இருந்தால், பேட்டரி வோல்ட் குறைந்ததும் தானே அணையும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடிகாலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

8. காலிபரேஷன்: அவசரப்படக் கூடாத படி

கருவி நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு படிதான். பெரும்பாலான ஆட்கள் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

தரையிலிருந்து கேமராவின் உயரம், கேமராவிலிருந்து பம்பர் நுனி வரை உள்ள தூரம், வண்டியின் அகலம், கேமரா நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையெல்லாம் டேப் வைத்து அளந்து கருவியில் ஏற்ற வேண்டும். பொதுவாக ஒரு காரின் அளவுகள் முன்பே அதில் இருக்கும். அதையே விட்டுவிட்டால் பிக்கப்புக்குத் தூரக்கணக்கு முழுக்கத் தப்பும். நீங்களே டேப்பின் மறுமுனையைப் பிடியுங்கள்.

அடுத்தது லோடு. ஒற்றைக் கேமரா தூரத்தை எப்படி அறிகிறது என்றால், முன்வண்டியின் டயர் தரையைத் தொடும் புள்ளி படத்தில் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்துத்தான். கீழே இருந்தால் அருகில், மேலே இருந்தால் தொலைவில். பிக்கப்பில் லோடு ஏற்றியதும் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை அமுங்கி மூக்கு தூக்குகிறது. கேமராவும் மேலே பார்க்கிறது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டரில் இருக்கும் வண்டி, மூக்கு ஒரே ஒரு டிகிரி தூக்கினால் 27 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். தேவையில்லாமல் கத்தும், அவ்வளவுதான். இதையே தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து: முழு லோடில் காலிபரேட் செய்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டினால், 40 மீட்டரில் இருப்பது 75 மீட்டரில் இருப்பதாகக் கணக்கிடும். எச்சரிக்கை வர வேண்டிய நேரத்தில் வராது.

அடிவானத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. உங்களுடையது அப்படியா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலி வண்டியில் காலிபரேட் செய்யுங்கள். தப்பு நடந்தாலும் சீக்கிரம் கத்தும் பக்கமாகவே நடக்கட்டும். அதற்கு முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள்.

ஓட்டிக் காலிபரேட் செய்யும் கருவிக்குத் தெளிவான கோடும் சீரான வேகமும் வேண்டும். பகல் வெளிச்சத்தில் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் நான்குவழிச் சாலை நேராகக் கிடக்கிறது. அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. ஊருக்குள் சுற்றி "ஆகிவிட்டது" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

முடிந்ததும் ஆளைக் கையோடு வைத்துக்கொண்டே சோதியுங்கள். நண்பரின் வண்டி ஒன்றை முன்னால் விட்டு, இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், திரையில் காட்டும் எண் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டர் போட்டும் போடாமலும் கோட்டைத் தொட்டுப் பாருங்கள். டிரைவர் கேமராவை, வண்டி ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரர் சோதிக்க முடியாது. நிறுத்திய வண்டியில் சோதனை முறையைப் போட்டு, உங்கள் டிரைவரையே உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அவர் வழக்கமாகப் போடும் கூலிங் கிளாஸோடும் ஒருமுறை.

எதைக் கருவி அறியாது என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். கார், லாரி, பைக், ஆள் ஆகியவை அதற்குத் தெரியும். ஆட்டு மந்தை, சாலையில் காயும் நெல்லைச் சுற்றி வைத்த கல், பின்லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லரில் பிதுங்கும் வைக்கோல் ஆகியவற்றை அது கண்டுகொள்ளும் என்று நம்பக்கூடாது.

9. டிரைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

பொருத்திய பிறகு சொல்லாதீர்கள். பொருத்துவதற்கு முன் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்கும் கேமரா என்றதும் என் டிரைவர், "வண்டியை நம்பித் தருகிறீர்கள் அண்ணாச்சி, என்னை நம்பமாட்டீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேமராவில் என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று உட்கார்ந்து விளக்கினேன். குரல் பதிவை அவர் முன்னாலேயே அணைத்தேன். அசதி என்று கருவி சொன்னால் ஓரம் கட்டித் தூங்கலாம், லோடு தாமதமானால் மண்டிக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கைக் கொடுக்காமல் கேமராவை மட்டும் வைப்பது அநியாயம். சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

10. முதல் மாதமும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் எச்சரிக்கை அளவை நடுத்தரத்தில் வையுங்கள். டவுனுக்குள்ளும் மேலப்பாளையம் பக்கமும் நெரிசலில் அது ஓயாமல் கத்தும். குறைந்த வேகத்தில் ஒலிக்காதபடி வைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் காலி வண்டியைக் காற்று தள்ளும்போது கோடு எச்சரிக்கை அடிக்கடி வரும். அது பொய் எச்சரிக்கை இல்லை, அணைக்க வேண்டாம். வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மெமரி கார்டை மாதம் ஒருமுறை பாருங்கள். விபத்து நடந்தால் கார்டை உடனே கழற்றி உறையில் போட்டுவிடுங்கள். விட்டால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். செல்போனுக்கு அனுப்பிய நகலை மட்டும் நம்பாமல் அசல் கார்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முன்கண்ணாடி மாற்றினாலும், பட்டை சேர்த்தாலும், டயர் அளவு மாறினாலும் காலிபரேஷனை மறுபடி செய்ய வேண்டும். வாங்கும்போதே, ஓர் ஆண்டுக்குள் ஒருமுறை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வண்டியை விற்கும்போது கருவியைக் கழற்றுவதானால் ஒயர்களைப் பழையபடி மூடித் தரச் செய்யுங்கள். வண்டியோடு கொடுப்பதானால் கார்டை எடுத்துவிட்டு, செல்போன் செயலியில் உங்கள் கணக்கிலிருந்து வண்டியை நீக்கி, சிம் கார்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றுங்கள். இன்சூரன்ஸில் சேர்த்த துணைக்கருவியின் பில்லையும் ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.